ஒலி அங்கேயே இருக்கட்டும்

களப்பணியில் ஒலிப்பதிவுக் கருவியை இயக்குவதற்கு முன் ஆய்வாளர் அளிக்கும் வாக்குறுதிகளுள் மிக எளிதாக மீறப்படுவது ஒன்று உண்டு: பதிவாகும் குரல் நிறுவனத்தின் கணினியை விட்டு வெளியே போகாது என்பது. ஒப்புதல் படிவத்தில் அது ஒரே ஒரு வரி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அதே குரல் மூன்று மடிக்கணினிகளிலும், இரண்டு பென்டிரைவுகளிலும், எவரோ ஒருவருடைய இணையச் சேமிப்பிலும் இருக்கும். தீய எண்ணம் எவருக்கும் இல்லை. எழுத்துப்பெயர்ப்பு செய்பவருக்கு ஒரு படி தேவைப்பட்டது. நெறியாளர் கேட்டுப் பார்க்க ஒரு படி. பழைய கணினி பழுதாகிவிடுமோ என்ற அச்சத்தில் இன்னொரு படி. முனைவர் பட்டம் முடிந்து ஆய்வாளர் ஊர் திரும்பும்போது, மூதாட்டி ஒருத்தி தன் வீட்டுச் சாவைப் பற்றிச் சொன்ன நாற்பது நிமிடம் எத்தனை இடங்களில் கிடக்கிறது என்று எவராலும் சொல்ல இயலாது.

இதற்கு மாற்று ஒன்று இருக்கிறது. கோப்பை நகர்த்தாமல், கோப்பு இருக்கும் கணினியின் திரையை மட்டும் நகர்த்துவது. கண்டெய்னர் எனப்படும் மென்பொருள் கொள்கலனுக்குள் ஒரு முழு மேசைத்தளத்தை இயக்கி, அதைத் தொலைவிலிருந்து உலாவி வழியே காண்பது இன்று நிரலாளர் வட்டாரத்தில் வழக்கமான செயல். அங்கே அது வசதிக்காகப் பேசப்படுகிறது. மொழியியலில் அதன் பயன் வேறு. ஆனால் அந்தப் பயன் தானாக வாய்ப்பதில்லை. சில சிறு விவரங்களைத் தவறவிட்டால், பென்டிரைவே பரவாயில்லை என்று ஆகிவிடும்.

ஐதராபாத்தில் பதிவு செய்துள்ள ஆய்வாளர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அவர் ஆய்வது பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில் பேசப்படும் இருள மொழி. அங்கே இருளர், முடுகர், குறும்பர் என மூன்று பழங்குடியினர் வாழ்கின்றனர். சுற்றிலும் தமிழும் மலையாளமும். இருளத்தின் நடு உயிர்கள் தமிழ்க் காதுக்குப் பிடிபடாதவை. அவற்றைக் கேட்டு மட்டும் எழுதிவிட முடியாது. ஃபார்மண்ட் அளவுகளைக் கொண்டு நிறுவ வேண்டும். அதற்கான கருவி பிராட். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் பூர்ஸ்மா, டேவிட் வீனிங்க் இருவரும் உருவாக்கியது. உரைகளை அடுக்கடுக்காகக் குறியிடுவதற்கு எலான். நெதர்லாந்திலேயே நெய்மேகன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தின் ஆக்கம். இரண்டும் சாளரங்களைத் திறந்து, அலைவடிவத்தை வரைந்து, சுட்டியால் எல்லை குறிக்கச் சொல்லும் மென்பொருள்கள். கட்டளை வரியில் மட்டும் வாழும் சேவையகத்தில் இவற்றைக் கொண்டு அப்படி எல்லை குறிக்க முடியாது.

பதிவின் அளவையும் கணக்கிடலாம். விநாடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரிக்கு 24 பிட், இரு தடங்கள் என்றால் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 1 ஜிகாபைட். நாற்பது மணி நேரப் பதிவு 40 ஜிகாபைட்டைத் தாண்டும். காணொலி சேர்ந்தால் பல மடங்கு. துறையின் சேவையகம் குளிரூட்டிய அறையில், திரையின்றி, லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆய்வாளரின் மடிக்கணினி பழையது. எழுத்துப்பெயர்ப்பைச் சரிபார்க்கும் இருளப் பட்டதாரி அகளியில் இருக்கிறார். கைப்பேசி இணையம்தான் அவருக்கு உள்ளது. இம்மூவரையும் ஒரே ஒலிக்கோப்பின் முன் அமர்த்த வேண்டும், கோப்பு அசையாமல்.

சேவையகத்திலேயே ஒரு மேசைத்தளத்தை நிறுவலாமே என்று கேட்டால் கணினி நிர்வாகி மறுப்பார். மறுப்பதில் நியாயமும் உண்டு. ஒரு மேசைத்தளம் நூற்றுக்கணக்கான துணைப் பொதிகளை இழுத்துக்கொண்டு வரும். அவற்றுள் ஒவ்வொன்றும் பிற துறையினரும் பயன்படுத்தும் கணினியில் பழுதுக்கும் ஊடுருவலுக்கும் ஒரு வாசல். கொள்கலன் இந்த இடத்தில்தான் நுழைகிறது.

கொள்கலன் என்பது கணினிக்குள் ஒரு குட்டிக் கணினி என்று பலர் விளக்குவர். அது சரியன்று. அது சுவர் எழுப்பப்பட்ட ஒரு செயல்முறை மட்டுமே. லினக்ஸ் கெர்னலின் பெயர்வெளிகள், உள்ளே இருப்பதற்கு வெளியே இருப்பவற்றை மறைக்கின்றன. சிகுரூப்புகள் எவ்வளவு நினைவகம், எவ்வளவு செயலி என்று வரம்பு கட்டுகின்றன. கெர்னல் எல்லோருக்கும் பொது. இவை முன்பே இருந்தவைதாம்; 2013இல் டாக்கர் வந்து இவற்றை எவரும் கையாளும்படி பொதிந்து கொடுத்தது. கொள்கலன் எந்த வார்ப்பிலிருந்து உயிர்பெறுகிறதோ அது இமேஜ் எனப்படும். அந்த வடிவமைப்புக்குள் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது: உள்ளே ஓடுவது ஒரே ஒரு நிரல், அதற்குத் திரை இல்லை, விசைப்பலகை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, அதன் முன் எவரும் உட்காரப் போவதில்லை. மேசைத்தளத்தைக் கொள்கலனுக்குள் வைப்பதில் எழும் தொல்லைகள் பெரும்பாலும் இந்த ஊகத்தோடு நடத்தும் வழக்குகளே.

திரையைப் பொறுத்தவரை யூனிக்ஸ் உலகில் விடை பழையது. எக்ஸ் சாளர முறைமை 1984இல் எம்ஐடியில் தொடங்கியது. இன்றும் புழங்கும் பதினோராம் பதிப்பு 1987இல் வெளிவந்தது. நிரல் ஓரிடத்தில் ஓட, சாளரம் வேறோர் இடத்தில் தோன்றுவது அதன் பிறவிக்குணம். பெயரிடுவதிலும் ஒரு தலைகீழ் உண்டு: பயனரின் திரை இருக்கும் பக்கமே எக்ஸில் சேவையகம், தொலைவில் ஓடும் நிரல் கிளையண்ட். முதன்முறை கேட்கும் மாணவர் எவரும் இதை உடனே நம்புவதில்லை.

எனவே பலர் காட்டும் குறுக்குவழி இது: தாய்க்கணினியின் எக்ஸ் இணைப்பைக் கொள்கலனுக்குள் செருகிவிட்டு, அனுமதிச் சோதனையையும் நீக்கிவிடுவது. சாளரம் உடனே தோன்றும், மகிழ்ச்சியும் தோன்றும். ஆனால் எக்ஸ் முறைமையில் ஒரே திரையைப் பகிரும் நிரல்களுக்கு இடையே சுவர் இல்லை. ஒரு நிரல் மற்றொன்றில் தட்டப்படும் விசைகளைக் கவனிக்கலாம். திரையைப் படம் பிடிக்கலாம். பாடுபட்டு எழுப்பிய சுவரில் கூடம் அளவுக்கு ஒரு சன்னல் வைப்பதற்கு ஒப்பானது அது. தன் சொந்த மடிக்கணினியில் விளையாட அது போதும். பிறர் குரலைக் காக்கும் சேவையகத்தில் கூடாது.

தக்க வழி, கொள்கலனுக்கு உள்ளேயே ஒரு பொய்த்திரையை அமைப்பது. எக்ஸ்விஎன்சி என்ற நிரல் இதைச் செய்கிறது. அது நினைவகத்தில் ஒரு திரையை வைத்துக்கொள்கிறது. அதன் மேல் நிரல்கள் சாளரங்களை வரைகின்றன. வரைந்த படத்தை விஎன்சி நெறிமுறை வழியே வெளியே அனுப்புகிறது. விஎன்சி 1990களில் கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிறந்தது. அதன் எளிமை வியப்புக்குரியது: திரையில் எந்தச் செவ்வகம் மாறியதோ அதை மட்டும் அனுப்பு, அதுவும் எதிர்முனை கேட்டால் மட்டும். 1920க்கு 1080 அளவுள்ள திரையின் ஒரு முழுப்படம், சுருக்காமல், 8 மெகாபைட்டுக்கு மேல். அதை விநாடிக்கு முப்பது முறை அனுப்பச் சாதாரணக் கைப்பேசி இணையம் தாங்காது. கேட்டால் மட்டும் அனுப்புவதால், இணைப்பு மெலிந்தால் படம் அடிக்கடி புதுப்பிக்கப்படாது, அவ்வளவே. வேலை நின்றுவிடுவதில்லை. இணைப்பே அறுந்தாலும் பிராட் உள்ளே திறந்தபடி இருக்கும். இதன் மேல் நோவிஎன்சி என்ற பாலத்தைப் போட்டுவிட்டால் அகளியில் இருப்பவர் எதையும் நிறுவ வேண்டியதில்லை. உலாவி போதும்.

சாளர மேலாளர் ஒன்றையும் சேர்க்க வேண்டும். அது இல்லாமல் பிராட்டைத் திறந்தால் அதன் இரு சாளரங்களும் தலைப்புப் பட்டையின்றி ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடக்கும்; நகர்த்தப் பிடி இராது. ஓப்பன்பாக்ஸ் அல்லது எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளியது போதும். குனோம் போன்ற பெரியவை கொள்கலனுக்குள் இல்லாத பல பின்னணிச் சேவைகளை எதிர்பார்ப்பவை. அவற்றோடு மல்லுக்கட்டுவது ஆய்வுக் காலத்தைச் செலவழிக்கச் சிறந்த வழி.

அடுத்து மொழி. மெலிந்த லினக்ஸ் இமேஜ் ஒன்றில் தமிழ் எழுத்துரு இராது, மலையாளம் இராது, பன்னாட்டு ஒலியன் குறிகளும் முழுமையாக இரா. எலானைத் திறந்தால் குறிப்புகள் எல்லாம் வெற்றுக் கட்டங்களாகக் காட்சி தரும். நோட்டோ எழுத்துருக்களின் பெயரே இந்தக் கட்டங்களை ஒழிப்பது என்ற பொருளில் வைக்கப்பட்டது. அவற்றை நிறுவினால் இரு லிபிகளும் தீரும், ஒலியன் குறிகளுக்குச் சாரிஸ் அல்லது டூலோஸ் எழுத்துருவைச் சேர்க்கலாம். மொழிச்சூழல் மாறியை யுடிஎஃப்-8 என்று அமைக்காவிட்டால் தமிழில் பெயரிட்ட கோப்புகள் கேள்விக்குறிகளாகப் பட்டியலில் வரும். இவை அரைமணி நேரத் தொல்லைகள்.

தட்டச்சு அவ்வளவு எளிதன்று. மடிக்கணினியில் தமிழ்99 விசைப்பலகையை இயக்கிக்கொண்டு உலாவியில் தட்டினால், மறுமுனையில் எழுத்துகள் சிதைந்தோ வாராமலோ போகும். விஎன்சி அனுப்புவது எழுதப்பட்ட உரையை அன்று, அழுத்தப்பட்ட விசைகளை. உள்ளூர் உள்ளீட்டு முறை பல விசைகளைச் சேர்த்து ஓர் எழுத்தை உருவாக்கித் தரும்போது, அதற்கு இணையான விசை ஒன்று நெறிமுறையில் இல்லை. தீர்வு தலைகீழானது: மடிக்கணினியில் ஆங்கில விசைப்பலகையையே வைத்துக்கொண்டு, ஐபஸ் உள்ளீட்டு முறையைக் கொள்கலனுக்குள் நிறுவுவது. கை ஆங்கில விசைகளை அழுத்தும்; உள்ளே தமிழ் பிறக்கும்.

வெட்டி ஒட்டுவதிலோ வரலாற்றின் வடு அப்படியே தெரிகிறது. விஎன்சியின் அடிப்படை நெறிமுறையில் ஒட்டுப்பலகை வழியே செல்லக்கூடியது லத்தீன்-1 எழுத்துகள் மட்டும். 2011இல் அது இணைய ஆவணமாக வெளியானபோதும் அந்த வரையறை அப்படியே எழுதிவைக்கப்பட்டது. மேற்கு ஐரோப்பிய மொழிகள் கடந்து செல்லலாம். உலகின் எஞ்சிய லிபிகள் வாசலில் நிற்க வேண்டியதுதான். பின்னர் வந்த நீட்டிப்பு ஒன்று யுடிஎஃப்-8ஐ அனுமதிக்கிறது. இரு முனைகளும் அதை அறிந்தவையாக இருந்தால் தமிழும் கடக்கும். அகளியிலிருந்து ஒட்டப்படும் மலையாளக் குறிப்பு கேள்விக்குறிகளாக வந்து விழுந்தால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இனி ஒலி. ஆய்வு முழுவதும் ஒலியைப் பற்றியது; விஎன்சியின் அடிப்படை நெறிமுறையோ ஒலியைச் சுமப்பதே இல்லை. பிராட்டில் இயக்கு பொத்தானை அழுத்தினால் காட்டி நகரும். காதில் ஒன்றும் விழாது. கொள்கலனுக்கு ஒலியட்டை கிடையாது. ஆகவே பல்ஸ்ஆடியோவைக் கொண்டு உள்ளே ஒரு பொய் ஒலிபெருக்கியை உருவாக்கி, அதில் விழும் ஒலியைச் சுருக்கி, தனி ஓடையாக உலாவிக்கு அனுப்ப வேண்டும். எக்ஸ்பிரா, எக்ஸ்ஆர்டிபி போன்ற மாற்றுகளில் ஒலியனுப்பும் வசதி ஏற்கெனவே உண்டு. மொழியியலாளர்கள் அவற்றையே முதலில் சோதிப்பது நல்லது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, வந்து சேரும் ஒலி சுருக்கப்பட்டது. காது கவனிக்காது என்று கருதப்படும் பகுதிகள் நீக்கப்பட்டது. கேட்பதற்கு அது போதும். அதை மடிக்கணினியில் மறுபதிவு செய்து அளப்பவர் அளப்பது இருளத்தின் உயிர்களை அன்று, சுருக்கியின் கைவண்ணத்தை. அளவை எல்லாம் கொள்கலனுக்குள், மூலக்கோப்பின் மீதே நடக்க வேண்டும். நடக்கவும் நடக்கிறது: பிராட் ஓடுவது மூலக்கோப்பு இருக்கும் இடத்தில்தான், வலையமைப்பு எவ்வளவு மந்தமானாலும் ஃபார்மண்ட் மதிப்பில் ஒரு ஹெர்ட்ஸ் கூட மாறாது. பென்டிரைவில் போன படி என்ன ஆயிற்று, எவர் அதை எம்பி3 ஆக்கினார் என்ற ஐயமே இங்கு எழாது. காப்புரிமை, நெறிமுறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அறிவியலை மட்டும் பார்த்தாலும் இந்த ஏற்பாட்டுக்கு இது ஒன்றே போதிய நியாயம்.

இரண்டாவது, தாமதம். காட்டி நகர்ந்து சற்றுப் பின்னரே ஒலி வந்து சேரும். கால் விநாடி, சில வேளை அதற்கும் மேல். உரையாடலின் பொருளை எழுதுபவருக்கு இது ஒரு பொருட்டன்று. ஆனால் எலானில் ஒலியைக் கேட்டுக்கொண்டே விசையை அழுத்தி எல்லை குறிக்கும் ஒரு முறை இருக்கிறது. பலருக்கு அதுவே பழக்கம். தொலைத்திரையில் அப்படிச் செய்தால் எல்லா எல்லைகளும் ஒரே பக்கமாகச் சரியும். ஒரு குற்றுயிர் சுமார் நூறு மில்லிவிநாடி அளவினது என்னும்போது, கால் விநாடிச் சரிவு முழு அசையையே விழுங்கிவிடும். குறிலா நெடிலா என்பதே கேள்வியாக இருக்கும் ஆய்வில் இது நஞ்சு. எல்லையைக் காதால் குறிக்காமல், அலைவடிவத்தையும் நிறமாலைப் படத்தையும் கண்ணால் பார்த்தே குறிக்க வேண்டும். கண்ணுக்கு வரும் படம் தாமதமானாலும் பிழையானது அன்று.

இவ்வளவும் சரியாக அமைந்தபின் ஒரே ஒரு கட்டளையில் எல்லாவற்றையும் கெடுத்துவிட முடியும். டாக்கரில் ஒரு போர்ட்டை வெளியே திறக்கும்போது, முகவரி எதுவும் குறிப்பிடாவிட்டால், அது கணினியின் எல்லா வலையமைப்பு முகப்புகளிலும் திறக்கிறது. உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ என்ற தீயரணை அமைத்து நிம்மதியாக இருக்கும் நிர்வாகிக்குக் கூடுதலாக ஒரு செய்தி: டாக்கர் எழுதும் விதிகள் அந்த அரணைச் சுற்றிக்கொண்டு போய்விடும். விஎன்சியின் மரபான கடவுச்சொல்லில் முதல் எட்டு எழுத்துகளுக்கு மேல் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. அடிப்படை நெறிமுறையில் மறைகுறியாக்கமும் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால், ஒரு மூதாட்டியின் குரல் நாற்பது மணி நேரமும் உலகத்துக்குத் திறந்த மேசையில் வைக்கப்பட்டதாகும். பென்டிரைவாவது ஒருவர் சட்டைப்பையில் இருந்தது. போர்ட்டை உள்முகவரிக்கு மட்டும் கட்டி, எஸ்எஸ்எச் சுரங்கம் வழியாகவோ மறைகுறியாக்கிய முன்வாசல் வழியாகவோ நுழையச் செய்வது விருப்பத்தேர்வு அன்று.

கொள்கலனுக்குள்ளிருந்து வெளி இணையத்துக்குப் போகும் வழியையும் அடைத்துவிடலாம். உள்ளே உலாவி எதற்கு? பரோ–எமனோ திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைப் பார்க்க வேண்டுமெனில் மடிக்கணினியிலேயே சிகாகோ பல்கலைக்கழகத்து இணையப் பதிப்பைத் திறக்கலாம். ஒலிக்கோப்புகள் உள்ள அடைவைப் படிக்க மட்டும் என்றும், குறியீட்டுக் கோப்புகளுக்கு எழுதத்தக்க தனி அடைவு என்றும் பிரித்து இணைக்க வேண்டும். இந்த இரண்டாவது அடைவை மறந்தவர்கள் படும் பாடு பெரிது: கொள்கலனை நீக்கும்போது அதன் உள்ளடுக்கில் சேமித்த அனைத்தும் அதனோடு போகும். மூன்று வாரக் குறியீடு, ஒரு கட்டளையில்.

இத்தனைக்குப் பிறகும் அகளியில் இருப்பவர் தன் ஒலிபெருக்கியின் அருகே இன்னொரு கைப்பேசியைப் பிடித்துப் பதிவு செய்ய முடியும். அதைத் தடுக்கும் தொழில்நுட்பம் கிடையாது; தடுக்க வேண்டுமா என்பதும் கேள்வி. அந்தக் குரல் அவருடைய ஊர்க்குரல். ஐதராபாத்துச் சேவையகத்துக்கு இருக்கும் உரிமையை விட அவருக்கு உள்ள உரிமை குறைவு என்று எந்த ஒப்புதல் படிவமும் சொல்லிவிட இயலாது. இங்கே காக்கப்படுவது கவனக்குறைவால் நிகழும் பரவலிலிருந்து மட்டுமே. உரிமையாளர்கள் கேட்டால் முழுத் தொகுப்பையும் கொடுப்பதற்கான ஏற்பாடு தனியே இருக்க வேண்டும். அதைக் கொள்கலன் செய்யாது.

பல துறைகள் பகிரும் பெரிய கணினித் திரள்களில் டாக்கரை அனுமதிப்பதில்லை. டாக்கர் குழுவில் சேர்க்கப்பட்ட பயனர் நடைமுறையில் கணினி முழுவதற்கும் அதிகாரி ஆகிவிடுவதே காரணம். அங்கே ஆப்டெய்னர் உதவும். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் சிங்குலாரிட்டி என்ற பெயரில் தொடங்கியது. 2021இல் பெயர் மாறியது. வெளியே எந்தப் பயனரோ உள்ளேயும் அவரே. ஆகவே குறியீட்டுக் கோப்பு வேறெவர் பெயரிலோ உருவாகி, அழிக்கவும் திருத்தவும் முடியாமல் கிடக்கும் தொல்லை இல்லை. முழு இமேஜும் ஒரே கோப்பாக இருப்பதால் ஆய்வேட்டோடு சேர்த்து அதையும் களஞ்சியத்தில் வைக்கலாம்: இந்தப் பதிப்பு பிராட், இந்தப் பதிப்பு எலான், இந்த எழுத்துருக்கள்.

பத்தாண்டு கழித்து அது ஓடுமா என்பது வேறு. கெர்னல் தாய்க்கணினியுடையது, இமேஜ் இன்டெல் வகைச் செயலிக்காகக் கட்டப்பட்டிருந்து, அன்றைய கணினி ஆர்ம் வகையினதாக இருந்தால் இடையில் ஒரு போலியாக்கி தேவைப்படும். அப்போது கைகொடுக்கக்கூடியது மிக எளிய ஒன்று. பிராட்டின் டெக்ஸ்ட்கிரிட் கோப்பு வெறும் உரை. எலானின் கோப்பு எக்ஸ்எம்எல். மேசைத்தளம், கொள்கலன், சாளரம் எதுவும் திறக்காத நாளிலும் இவ்விரண்டையும் எந்த எழுத்துத் தொகுப்பானிலும் திறந்து படிக்கலாம். யுடிஎஃப்-8இல் சேமித்திருக்க வேண்டும். பிராட்டின் எழுத்துக் குறியாக்க அமைப்பை ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது.